தற்காலிகக் கடை, பந்தல், பேனர்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆடி பிறந்தால் கோட்டை மாரியம்மன் பண்டிகை, குகையில் வண்டி வேடிக்கை, அப்புறம் விநாயகர் சதுர்த்தி, தீபாவளிப் பட்டாசுக் கடை, தை மாசியில் கல்யாணப் பந்தல், கோடையில் மாம்பழக் கடை, மே மாதம் ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி. வருடம் முழுக்க சேலத்தில் யாராவது எங்காவது நாலு கம்பு நட்டு ஒரு கூரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கான விதிகள் ஒரே சட்டத்தில் இல்லை, ஒரே அலுவலகத்திலும் இல்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கட்டண விகிதங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் பெரும்பாலும் அவற்றைத் தொடவில்லை, விண்ணப்பம் வாங்கும்போது அன்றைய விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு நாளில் பிரித்துவிடுவோம். இதற்குப் போய் அனுமதி வேண்டுமா?

வேண்டும். பேனர் சரிந்து விழுவதற்கோ, பந்தலில் தீப்பிடிப்பதற்கோ நாலு நாள் தேவையில்லை, ஒரு நிமிடம் போதும். சட்டம் தற்காலிகத்தைத் தடுக்கவில்லை, அதற்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் எழுத்தில் வேண்டும் என்கிறது. என்னைக் கேட்டால் இந்த முடிவுத் தேதிதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம் ஊரில் நடைபாதையை மறைத்து நிற்கும் கொட்டகைகளில் பல "ஒரு வாரத்துக்குத்தான்" என்று சொல்லிப் போட்டவை. முடிவுத் தேதி எழுதப்படாததால் அப்படியே நின்றுவிட்டன, அந்த வழியாக நடக்கும் பள்ளிக் குழந்தைகள் இன்றுவரை ரோட்டில் இறங்கித்தான் போகிறார்கள்.

விண்ணப்பம் எழுத உட்காரும் முன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை: இடம் யாருடையது, எத்தனை நாள், அங்கே நெருப்போ மின்சாரமோ ஒலிபெருக்கியோ வருகிறதா, வண்டி போகும் வழி குறைகிறதா. இவற்றுக்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் நீங்கள் ஒரு அலுவலகம் போவதா நாலு அலுவலகம் போவதா என்பது.

சரி, எந்த அலுவலகத்துக்குப் போவது?

மாநகராட்சி எல்லைக்குள் என்றால் உங்கள் வார்டு எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள். சேலத்தில் 60 வார்டுகள், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நாலு மண்டலங்கள். மாநகராட்சித் தெருவில் எது செய்தாலும் முதலில் அந்த மண்டல அலுவலகம். ஆனால் மாநகராட்சிக்குள் ஓடும் எல்லா ரோடும் மாநகராட்சியுடையது இல்லை, இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் ரோடாக இருந்தால் அவர்களிடமும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். மைல்கல்லின் தலையில் பச்சை நிறம் இருந்தால் மாநில நெடுஞ்சாலை, மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை.

தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், அதாவது பெங்களூரு, கோவை, உளுந்தூர்பேட்டை போகும் பெரிய ரோடுகளில், நெடுஞ்சாலை நிலத்துக்குள் கடையோ பலகையோ வைக்க நினைக்கவே வேண்டாம். அந்த நிலத்தை ஆக்கிரமித்தால் அகற்றுவதற்கென்றே 2002ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. வண்டிகள் 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இடம் அது, அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

ஆட்டையாம்பட்டி போன்ற பேரூராட்சி என்றால் செயல் அலுவலர், கிராமம் என்றால் ஊராட்சி. போலீஸ் என்றால் நகருக்குள் மாநகரக் காவல் ஆணையரின் கீழ் வரும் நிலையம், வெளியே மாவட்டக் காவல்துறை. கவுன்சிலரிடம் சொல்லிவிட்டேன், அது போதும் என்று இருந்துவிடாதீர்கள். கவுன்சிலர் உதவி செய்வார், கூட வந்து பேசுவார், ஆனால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் அவர் இல்லை.

இடம் என் சொந்தப் பட்டா நிலம். அதில் நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்தானே?

முழுக்க அப்படி இல்லை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 'வளர்ச்சிப் பணி' என்பதற்குள் கட்டடம் கட்டுவது மட்டும் வரவில்லை, நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றுவதும் வருகிறது. உங்கள் சர்வே எண் மாஸ்டர் பிளானில், அதாவது எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் நகரத் திட்டத்தில், குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா, வணிகமா, தொழிலா, நிறுவனமா, விவசாயமா என்று ஏதாவது ஒன்றில் இருக்கும். அழகாபுரத்தில் குடியிருப்புப் பகுதியில் ஒரு காலி மனை இருக்கிறது, அதில் உங்கள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் பந்தல் போடுகிறீர்கள் என்றால் அதைப் பயன்பாட்டு மாற்றம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அதே மனையில் தகரக் கொட்டகை போட்டு மாதக்கணக்கில் பழைய கார் விற்கிறீர்கள், அல்லது சிமெண்ட் மூட்டை அடுக்குகிறீர்கள் என்றால், "தற்காலிகம்" என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது. கொட்டகைக்குக் கதவும் பூட்டும் மீட்டர் பெட்டியும் வந்துவிட்டாலே அதைத் தற்காலிகம் என்று வாதாடுவது கஷ்டம்.

சந்தேகம் இருந்தால் சேலம் உள்ளூர் திட்டக் குழும அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து என்ன பயன்பாட்டு மண்டலம் என்று கேளுங்கள். வாடகைக்கு இடம் எடுப்பவர்கள் இதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே செய்ய வேண்டும், கொடுத்த பிறகு தெரிந்து ஒரு பயனும் இல்லை. காலிமனை வரி ரசீதும் கையில் இருக்கட்டும், எந்த விண்ணப்பத்துக்கும் அதைக் கேட்பார்கள்.

வீட்டு வாசலில் கல்யாணப் பந்தல். தெருவை அடைத்துப் போடலாமா?

தெரு முழுவதையும் அடைக்காதீர்கள். ஒரு ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ நுழைகிற அளவுக்கு வழி விட்டே ஆக வேண்டும். தெரு ரொம்பக் குறுகல் என்றால், செவ்வாய்ப்பேட்டை, குகைப் பக்கம் பல சந்துகள் அப்படித்தான், வேறு வழியாக வண்டிகளைத் திருப்பிவிட முடியுமா என்று போக்குவரத்துக் காவலிடம் முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். எதிர் வீட்டில் டயாலிசிஸுக்குப் போகும் பெரியவர் இருக்கலாம், அவர் எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தார் ரோட்டிலும் சிமெண்ட் ரோட்டிலும் கடப்பாறை போட்டுக் குழி எடுப்பதை மாநகராட்சி அனுமதிக்காது, அடியில் குடிநீர்க் குழாயும் கேபிளும் ஓடுகின்றன. மணல் நிரப்பிய டின்னில் கம்பத்தை நிறுத்தும் முறை இப்போது எல்லாப் பந்தல்காரர்களுக்கும் தெரியும், அதையே கேளுங்கள்.

தீ விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் அலட்சியம் வேண்டாம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தற்காலிகக் கூரையில் பிடித்த தீயில் மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடியோ விளக்குக்குப் போன மின் இணைப்பில் கிளம்பிய பொறியே காரணம் என்று சொல்லப்பட்டது. ஓலை, துணி, தெர்மாகோல், சீரியல் லைட் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போது என்ன ஆகும் என்பதற்கு அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. சமையல் கொட்டகையைப் பந்தலோடு ஒட்டிப் போடாதீர்கள், வெளியே போக இரண்டு வழியாவது இருக்கட்டும், மணல் வாளியும் தீயணைப்பானும் கண்ணில் படுகிற இடத்தில் இருக்கட்டும்.

பந்தலுக்குக் கரண்ட் எங்கே எடுப்பது? தெருக் கம்பத்தில் கொக்கி போட்டால் என்ன?

அது மின் திருட்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆவது பிரிவில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது. மின்வாரியத்தில் தற்காலிக மின் இணைப்பு என்றே ஒரு வகை உண்டு, யூனிட் விலை வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம்தான், ஆனாலும் வாங்குங்கள். ஜெனரேட்டர் வைத்தால் பந்தலை விட்டுத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று. இரும்புக் கம்பத்தையோ, இரும்புச் சட்டம் அடித்த பேனரையோ தூக்கி நிறுத்தும்போது மேலே போகும் உயரழுத்தக் கம்பியில் பட்டு இறந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். பெரும்பாலும் தினக்கூலிக்கு வந்த இளைஞர்கள். வேலையைக் கொடுப்பவர் நீங்கள் என்றால் மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டியவரும் நீங்கள்தான். கம்பி தாழ்வாகத் தொங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987ஐக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. இவற்றுக்குப் பேனர் வைக்கலாமா?

அனுமதி வாங்கி, சொன்ன இடத்தில், சொன்ன அளவில், சொன்ன நாள் வரை வைக்கலாம். அனுமதி வாங்காமல் கூடாது. இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது. சமூக ஆர்வலர் டிராஃபிக் ராமசாமி பேனர்களுக்கு எதிராகப் பல வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தின் படி ஏறி இறங்கினார். 2017 நவம்பரில் கோவை அவினாசி ரோட்டில் விழா வளைவு ஒன்றுக்காக ரோட்டில் நட்ட கம்பில் மோதி ஒரு இளம் பொறியாளர் இறந்தார். 2018 டிசம்பரில் அரசியல் கட்சிகள் பேனர் வைக்க உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அதற்குப் பிறகும் 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் பொறியாளர் மேல் ஒரு கல்யாண பேனர் சரிந்து விழுந்தது. கீழே விழுந்தவர் மேல் தண்ணீர் லாரி ஏறியது. அந்த பேனருக்கு அனுமதி இல்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகையின் இரும்புச் சாரம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள்.

அந்த ஜூனில்தான் அரசு கடுமையாக எச்சரித்தது: உரிமம் இல்லாமல் வைத்தாலும், உரிமக் காலம் முடிந்தும் எடுக்காமல் விட்டாலும் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம். விழுந்து யாருக்காவது பாதிப்பு என்றால் வைத்தவரோடு இடத்தின் உரிமையாளரும் பொறுப்பு. இப்போது இதெல்லாம் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998, அதன் கீழ் வந்த 2023ஆம் ஆண்டு விதிகள் இவற்றில் வருகிறது.

விண்ணப்பத்தோடு எங்கே வைக்கப்போகிறோம் என்ற வரைபடம், இடத்துக்காரரின் சம்மதக் கடிதம், காவல் நிலையத்தின் தடையில்லாச் சான்று, பேனரின் நீள அகலம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம், இவ்வளவும் வேண்டும். அனுமதி வந்ததும் அந்த எண்ணையும் எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் பேனரின் கீழ்ப்பகுதியிலேயே அச்சடிக்க வேண்டும். அதனால் அனுமதி வருமுன் பிளக்ஸ் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

நடைபாதையில், சென்டர் மீடியனில், சிக்னல் கம்பத்தில், ரவுண்டானாவில், வளைவில் வைக்கவே கூடாது. ஐந்து ரோடு, நான்கு ரோடு சந்திப்புகளில் ஒரு முனையில் பேனர் நின்றால் அந்தப் பக்கம் வரும் டூவீலர் கடைசி நொடி வரைக்கும் கண்ணில் படாது. மரத்தில் ஆணி அடித்து மாட்டுவதும் வேண்டாம், அந்த மரம் உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

கண்ணீர் அஞ்சலி பேனர் பற்றிப் பேசவே எனக்குத் தயக்கம், துக்கத்தில் இருக்கும் வீட்டில் போய் அனுமதி எண் கேட்பது யாருக்கும் கஷ்டம். ஆனால் காரியம் முடிந்து மாதக்கணக்கில் அந்தப் படம் கிழிந்து, வெயிலில் வெளுத்துத் தெருமுனையில் தொங்குவது போனவருக்கு மரியாதையும் இல்லை. வீட்டுச் சுவருக்குள் சிறிதாக ஒன்று வைத்து, காரியம் முடிந்ததும் எடுத்து மடித்து வைப்பதே நல்லது.

பிளக்ஸ் அடிக்கும் கடை வைத்திருக்கிறேன். எனக்கு என்ன பொறுப்பு?

அனுமதி எண் கேட்டு வாங்கி அச்சடியுங்கள், ஆர்டர் நோட்டில் குறித்து வையுங்கள். கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார் என்ற பயம் புரிகிறது. அதற்கு ஒரே வழி அந்தந்தப் பகுதி அச்சுக் கடைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே முடிவு எடுப்பதுதான். அப்புறம், 100 மைக்ரானுக்குக் குறைவான பிளாஸ்டிக், பிவிசி பேனர்கள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. ரோல் வாங்கும்போது தடிமனைப் பார்த்து வாங்குங்கள். துணி பேனர் கேட்பவர்களும் இருக்கிறார்கள், நெசவு நடக்கும் ஊர் இது, துணிக்கு நமக்குப் பஞ்சமா?

கடை வாசலில் "ஆடித் தள்ளுபடி" ஸ்டாண்டு வைத்தேன், தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைப் படிக்கு வெளியே, நடைபாதையில் வைத்திருப்பீர்கள். நடைபாதை நடப்பவர்களுடையது, அரை அடி கூடக் கடையுடையது கிடையாது. உள்பக்கமாக வையுங்கள் அல்லது கண்ணாடியில் ஒட்டுங்கள். பெயர்ப் பலகை பற்றியும் சொல்லிவிடுகிறேன்: தமிழ் முதலில், பெரிதாக வர வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இருந்தால் 5:3:2 என்ற விகிதம். தொழிலாளர் துறை இதைச் சரிபார்க்கும்.

மொட்டை மாடியில் விளம்பரப் பலகை வைக்க நல்ல வாடகை தருகிறேன் என்கிறார்கள். விடலாமா?

உரிம நகல், கட்டடம் தாங்கும் என்ற பொறியாளர் சான்று, காப்பீடு, இவை உங்கள் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். "உரிமம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்ற வாய்ப் பேச்சுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். சித்திரை வைகாசியில் சேலத்தில் மாலை நேரம் திடீரென்று அடிக்கும் காற்றும் ஆலங்கட்டி மழையும் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பலகை விழுந்தால் வழக்கு உங்கள் பெயரிலும் வரும்.

சீசனுக்கு மட்டும் தள்ளுவண்டியில் மாம்பழம் விற்கிறேன், மாலையில் தட்டு வடை செட் போடுகிறேன். என்னைத் துரத்துகிறார்களே?

உங்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது: தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் 2014. அதன்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுப்பு நடத்த வேண்டும், கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும், நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த வியாபாரிகளாகவும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாகவும் இருக்க வேண்டும். சான்றிதழ் உள்ளவரை 30 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் அப்புறப்படுத்தக் கூடாது. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் போட்டுக் கொடுக்க வேண்டும், சீக்கிரம் கெட்டுப்போகும் பொருளை, பழம் மாதிரி, உரிய கட்டணம் கட்டிக் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும்.

இது தெரியாமல் பழக்கூடையை விட்டுவிட்டு ஓடும் அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. பெயரைப் பதிவு செய்யுங்கள், அட்டையை எப்போதும் வைத்திருங்கள். உணவு விற்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வாங்க வேண்டும். ஆனால் சான்றிதழ் இருக்கிறது என்பதற்காக விற்பனை தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்க முடியாது, மருத்துவமனை வாசலை அடைக்கவும் முடியாது.

தீபாவளிக்குத் தற்காலிகப் பட்டாசுக் கடை போட என்ன செய்ய வேண்டும்?

தற்காலிக உரிமம், வெடிபொருள் விதிகள் 2008இன் கீழ். ஏஇ-5 படிவத்தில் விண்ணப்பம், இடத்தின் வரைபடம், சொந்த இடம் என்றால் வரி ரசீது, வாடகை என்றால் உரிமையாளர் சம்மதம், கட்டணம் கட்டிய ரசீது, புகைப்படம். ஒவ்வொரு வருடமும் கடைசித் தேதியை அறிவிப்பார்கள், தாண்டினால் அந்த வருடம் போயிற்று. நகருக்குள் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே மாவட்ட நிர்வாகம். போலீஸ், தீயணைப்பு, வருவாய் என்று ஒவ்வொருவரும் வந்து இடத்தைப் பார்ப்பார்கள்.

கொட்டகை தீப்பிடிக்காத பொருளில் இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர், வீடு, பள்ளி, கோயில் போன்றவற்றிலிருந்து 50 மீட்டர். ஒரு கடை இன்னொரு கடையை முகத்துக்கு முகம் பார்த்திருக்கக் கூடாது, ஒரே இடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு, திறந்த நெருப்பு எதுவும் உள்ளே வரக் கூடாது, மின்விளக்கு சுவரிலோ கூரையிலோ அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும், கம்பியில் தொங்கக் கூடாது. இந்த 3 மீட்டரும் 50 மீட்டரும் காகிதத்துக்காகச் சொன்ன எண்கள் கிடையாது, ஒரு கடையில் பிடித்தது அடுத்த கடைக்குத் தாவாமல் இருக்கத்தான். வரைபடத்தில் ஒரு அளவும் மைதானத்தில் ஒரு அளவுமாகப் போடுபவர்களைப் பார்த்தால் தயவுசெய்து சொல்லி நிறுத்துங்கள். பக்கத்துக் கடைக்காரரின் உயிரும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

கடைக்கு விளம்பர பேனர் வைக்க வேண்டும் என்றால் பட்டாசு உரிமம் போதாது, மேலே சொன்ன பேனர் அனுமதி தனி.

விநாயகர் சிலை வைக்க?

2018இல் அரசு போட்ட ஆணைதான் இன்றும் அடிப்படை. இடத்துக்காரர் அல்லது உள்ளாட்சி, காவல்துறை, தீயணைப்பு, மின்வாரியம் என்று எல்லோரிடமும் சான்று. சிலை பீடத்தோடு சேர்த்து 10 அடிக்கு மேல் கூடாது. பந்தலில் அரசியல் கட்சி பேனர் கூடாது. சிலையைக் காக்க ஆட்கள் முறை வைத்து இருக்க வேண்டும், ஐந்து நாளுக்குள் கரைக்க வேண்டும், அதுவும் மாவட்ட நிர்வாகம் அந்த ஆண்டு அறிவிக்கும் நீர்நிலையில், அறிவித்த பாதையில். களிமண் சிலை வாங்குங்கள், நம் ஏரிகளுக்கு ஏற்கெனவே போதுமான துன்பம் இருக்கிறது.

ஆடிப் பண்டிகையில் கோயில் பக்கம் கடை, ராட்டினம், மைக்செட். யாரைக் கேட்பது?

கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறை, கடைகளை ஏலம் விட்டால் அந்த ஏல நிபந்தனைகளைப் படித்துவிட்டு எடுங்கள். தெரு என்றால் மாநகராட்சி. ஏலம் எடுத்தவர் உள்வாடகைக்கு விடும்போது, ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

மைக்செட்டுக்குக் காவல்துறை அனுமதி. ஒலி மாசு விதிகள் 2000இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கி கிடையாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கு இரவு 12 வரை தளர்வு தர மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருடத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் முடியாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல் வரைதான், கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் அதற்குள் நிற்கவே நிற்காது. பண்டிகை என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் பம்பை உடுக்கைச் சத்தம் பிடிக்கும். தெருவில் எல்லாக் கம்பத்திலும் ஒலிபெருக்கி கட்டி விடிய விடியப் பாட்டுப் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஏற்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்தில் சீசனுக்குக் கூடாரம் போட்டு ஆட்களைத் தங்கவைக்கலாமா?

கீழே சேலத்தில் இருக்கும் விதிகளோடு மேலே இன்னும் சில சேர்கின்றன. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கிராமங்கள் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருபவை, அதனால் சரிவை வெட்டிச் சமப்படுத்துவது, மரம் எடுப்பது, கட்டுவது எல்லாம் கூடுதல் கேள்விக்கு உட்பட்டவை. கூடாரத்துக்கு என்று சிமெண்ட் தளமும் கழிப்பறையும் செப்டிக் டேங்கும் கட்டினால் அது கூடாரம் என்ற கணக்கிலேயே நிற்காது.

தோட்டக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று எல்லை போடும் நில உச்சவரம்புச் சட்டத்தில் காப்பித் தோட்டங்களுக்கு விலக்கு இருப்பது அவை தோட்டங்களாக இருப்பதால். பயன்பாட்டை மாற்றினால் அந்த விலக்கையே கேள்வி கேட்க முடியும். நாலு கூடாரத்து வாடகைக்காக அதைப் பணயம் வைக்காதீர்கள், ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள். காப்புக்காட்டை ஒட்டிய இடம் என்றால் வனத்துறையிடமும் கேளுங்கள். மாசி முதல் சித்திரை வரை சருகு காய்ந்து கிடக்கும், அப்போது கேம்ப் ஃபயர் என்று மூட்டும் நெருப்பு ஒரு காற்றில் மலையே ஏறிவிடும்.

மலைப்பாதையில் எங்கள் விடுதிக்கு வழிகாட்டும் பலகை வைக்கலாமா?

அடிவாரத்திலிருந்து போகும் ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த வளைவுகளில் ஓட்டுநருக்குத் தேவை எதிரே வரும் பஸ்ஸும் எச்சரிக்கைப் பலகையும், விடுதி விளம்பரம் இல்லை. ரோட்டோரம் நெடுஞ்சாலைத் துறையுடையது, அதைத் தாண்டினால் பெரும்பாலும் காடு. இரண்டிலும் உங்களுக்கு இடமில்லை. மலைக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழிக்கும் இதே பதில்தான். உங்கள் சொந்த நிலத்து நுழைவாயிலில் ஊராட்சி அனுமதியோடு அளவான பலகை வையுங்கள், மற்றபடி வருகிறவர்கள் கைப்பேசியில் வழி பார்த்துத்தான் வருகிறார்கள்.

மே மாதக் கோடை விழா சமயத்தில் ஏரி, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் பக்கம் கடை போட நினைப்பவர்கள் அந்த இடம் எந்தத் துறையுடையது என்று முதலில் பாருங்கள். பூங்கா தோட்டக்கலைத் துறை, படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், ரோட்டுக்கு வேறு துறை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுக்கத் தடை, மலைக்கு ஏறும்போதே சோதனை உண்டு.

அனுமதி இல்லாத பேனர் ஒன்று விழுகிற மாதிரி நிற்கிறது. சொன்னால் வம்பு வருமா?

சொல்லுங்கள். இடமும் தேதியும் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள், கீழே அனுமதி எண் இருக்கிறதா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். இப்போதே விழப்போகிறது என்றால் 112ஐ அழையுங்கள். நீங்களே ஏறி அவிழ்க்காதீர்கள். தனியாகப் புகார் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் குடியிருப்போர் சங்கம் மூலமாகக் கொடுக்கலாம், தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்டால் யாருக்கும் தனிப்பட்ட பகை வராது.

விண்ணப்பம் கொடுத்து நாளாகிறது, பதிலே இல்லை. பதில் இல்லை என்றால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. கொடுக்கும்போதே தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகை ரசீது வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது. நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்திருந்தால் நேரில் போய் மண்டல உதவி ஆணையரைப் பார்க்க நேரம் இருக்கும். அங்கே நகரவில்லை என்றால் ஆணையர், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு உங்கள் கோப்பின் நிலையைக் கேட்கலாம், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். விழா அதற்குள் முடிந்துவிடும் என்றாலும், அடுத்த வருடம் அதே இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது எங்கே தேங்கியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் நாளே அந்த மேஜைக்குப் போய்விடலாம்.